மலையகத்தில் ஒரு சமூகத் தலைவர் உருவாவது எப்படி: புலமைப்பரிசிலும் வழிகாட்டியும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைவர் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவர் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். சம்பளத்தில் குறை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் தகராறு, மரண வீட்டுக்கான உதவி என்று எதுவானாலும் தோட்ட முகாமையாளரான துரையிடமும் கணக்குப்பிள்ளையிடமும் பேசப் போகிறவர் அவரே. அந்தப் பணி இன்றும் தேவைப்படுகிறது. ஆயினும் இக்கட்டுரையில் சமூகத் தலைவர் என்று குறிப்பிடப்படுபவர் அதைவிட விரிந்த ஒரு வட்டத்தைச் சேர்ந்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அதைப் பெறும் வழியை அறிந்த முன்பள்ளி ஆசிரியையும், தோட்டத்துப் பாதைக்காகப் பிரதேச சபையில் எழுந்து பேசும் உறுப்பினரும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் வராத நாட்களைக் குறித்துவைத்து மனு எழுதும் இளைஞர் கழகச் செயலாளரும் இதில் அடங்குவர். தம் மக்களின் பிரச்சினையை உரிய அலுவலகத்தில், அந்த அலுவலகத்துக்குப் புரியும் மொழியில், தக்க ஆவணத்தோடு எடுத்துவைத்து, முடிவு வரும்வரை விடாமல் பின்தொடர்பவர் எவரோ அவரே சமூகத் தலைவர். அவருக்குப் பதவி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இத்தகையவர் உருவாவதில் புலமைப்பரிசிலும் வழிகாட்டியும் எவ்வாறு பங்குகொள்கின்றன என்பதை, இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கு விளக்க முற்படுகிறேன்.

இந்தக் கேள்வி மலையகத்தில் தனி முக்கியத்துவம் பெறுவதற்கு வரலாறே காரணம். தென்னிந்தியாவிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்தோரில் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாயினர்; அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையையும் இழந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் உறவினரை இலங்கை, இந்தியா என்ற இரு நாடுகளுக்கிடையே பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேதான். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே மலையகத்திலிருந்து இன்று பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்திலிருந்து அங்கு செல்லும் முதலாமவராக இருக்கின்றனர். வேறொரு குடும்பத்தில் பெரியப்பாவோ மாமாவோ பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொடுத்துவிடும் விடயங்களை இப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மழையிலும் பனியிலும் மலைக்குப் போய்வந்து பிள்ளைக்கு வகுப்புக் கட்டணம் கொடுக்கும் தாயிடம் அக்கறை நிறையவே இருக்கிறது. அவருக்குக் கிடைக்காமற்போனது கல்வி அமைப்பின் உட்புறத்தைப் பார்க்கும் வாய்ப்பு.

முதலில் புலமைப்பரிசிலை எடுத்துக்கொள்வோம். நாடெங்கும் அறியப்பட்டது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவித்தொகை வழங்குவதும், வசதி கூடிய பாடசாலையொன்றில் இடம் பெற்றுத்தருவதும் அதன் இரு நோக்கங்கள். மாதத் தொகையை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்த 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. பல்கலைக்கழக மாணவருக்கு 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் இருக்கிறது. அதன் மாதாந்தத் தொகையையும் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்துவதற்கு அதே வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே அமைந்த ஓர் உதவியும் உண்டு: உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக உதவித்தொகை வழங்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் அது, 1940களில் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுகலைக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில், பிரித்தானியாவில் முதுகலைக்குச் செவனிங் என்று மேற்படிகளும் உள்ளன.

இத்தொகைகள் ஒரு தோட்டக் குடும்பத்தில் என்ன செய்கின்றன என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டால், 7,500 ரூபா என்பது ஒரு தொழிலாளியின் ஆறு நாள் சம்பளத்துக்கும் குறைவானது. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ அறை எடுத்து, சாப்பிட்டு, பிரதி எடுத்து, விடுமுறைக்கு ஊர் வந்துபோக அது போதாது. தவணை பிந்தி வரும் மாதங்களில் கடன் வாங்காத மாணவர் குறைவு. இருந்தும் அத்தொகைக்குத் தன் அளவை மீறிய ஒரு பயன் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் ஏராளமான வீடுகளில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. பையனாக இருந்தால் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எழுகிறது. பெண்ணாக இருந்து, தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள அவளை வீட்டில் நிறுத்தலாமா என்ற பேச்சு எழுகிறது. அந்த நேரத்தில் மாதாமாதம் சிறு தொகையொன்று உறுதியாக வரும் என்ற செய்தி, "இன்னும் இரண்டு வருடம் படிக்கட்டும்" என்று தகப்பன் சொல்வதற்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறது. தமிழ் மொழிமூலம் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகள் மலையகத்தில் சிலவே என்பதால், மஸ்கெலியாவின் அல்லது லுணுகலையின் உள்தோட்டமொன்றிலிருந்து வரும் பிள்ளைக்கு உயர்தரம் என்பது பஸ் கட்டணம் அல்லது விடுதிக் கட்டணம் என்ற கணக்காகவே முதலில் வந்து நிற்கிறது. புலமைப்பரிசில் அந்தக் கணக்கைத் தீர்க்கும்போதுதான் பாடத்தைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது.

பணத்தால் செய்ய முடியாத வேலைகள் அதற்குப் பின்னர் வருகின்றன. வழிகாட்டிக்குரிய இடம் அங்கேதான். வழிகாட்டி என்பவர் தாம் ஏற்கெனவே நடந்த பாதையில் தமக்குப் பின்னால் வரும் ஒருவரோடு சில ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பேசிவரும் மூத்தவர். ஆசிரியர் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்துகிறார், கொடையாளர் பணம் தருகிறார், மேடைப் பேச்சாளர் ஊக்கம் ஊட்டிவிட்டுப் போகிறார். வழிகாட்டியின் வேலை, குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பெயரையும் வீட்டு நிலைமையையும் பலவீனத்தையும் அறிந்து, அடுத்த அடி எது என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து யோசிப்பது. ஓர் ஆசிரியரே வழிகாட்டியாகவும் இருக்கலாம்; மலையகத்தில் மிகச் சிறந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆசிரியர்களிடமிருந்தே வந்திருக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. உயர்தரப் பெறுபேறு வெளியான பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பம் கோருகிறது. மாணவர் தாம் விரும்பும் பாடநெறிகளை முன்னுரிமை வரிசையில் தர வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் தகுதியின்படியும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்குகின்றன. மேலே எழுதிய பாடநெறிக்கு இசட் புள்ளி, அதாவது அனுமதிக்காகத் தரப்படுத்திக் கணிக்கப்படும் உயர்தரப் பரீட்சைப் புள்ளி, போதுமாக இருந்துவிட்டால், கீழே எழுதியதற்குப் போக இயலாது. இந்த ஒரு விதியை அறியாமல், நண்பன் எழுதிய வரிசையைப் பார்த்து எழுதி, விரும்பாத பாடநெறியில் நான்காண்டுகளைக் கழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பல்கலைக்கழகம் சென்ற அக்கா ஒருத்தி ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலைத் திறந்து வைத்துக்கொண்டு, முந்திய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை மாவட்ட வாரியாகக் காட்டி, "இதை முதலில் போடு, அதைப் பிறகு போடு, ஏன் என்று நீயே சொல்லு பார்ப்போம்" என்று ஒரு பிற்பகல் உட்கார்ந்தால் அந்தத் தவறு நேராது.

இன்னொன்று கடிதம். லயத்திலுள்ள வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படுகின்றன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்த பின் கைக்குக் கிடைப்பது மலையகத்தில் பழகிப்போன துயரம். நகரத்திலுள்ள நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுக்கச் சொல்வது, மின்னஞ்சலை வாரம் இருமுறை பார்க்கப் பழக்குவது, வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்வது ஆகிய யாவும் மிகச் சிறிய வேலைகள். இச்சிறு வேலைகளே வழிகாட்டலின் பெரும்பகுதி என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கனவு காண், முயற்சி செய் என்ற அறிவுரை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தின் முதல் ஆண்டு மற்றொரு கடினமான காலம். ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை, சிங்களம் பேசும் அறை நண்பர்கள், தோட்டத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லத் தயங்க வைக்கும் சில பார்வைகள் ஆகியவற்றுக்கு நடுவே, படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. அப்போது தொலைபேசியை எடுக்கும் ஒருவர் இருந்தால் போதும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அச்சமின்றிக் கற்கும்படி வழிகாட்டி வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு: பிரதேச செயலகத்திலும் பொலிஸ் நிலையத்திலும் தம் ஊராருக்காகப் பேச வேண்டிய நாள் வரும்போது அம்மொழிகள் தேவைப்படும்.

வழிகாட்டல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மலையக வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1960களில் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் ஆகியோர் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகளை எழுதவும், மேடையேறிப் பேசவும், நாடகம் போடவும், தம்மை மலையகத்தார் என்று தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளவும் பழக்கினர். அத்தலைமுறையிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்களும் வந்தனர். அதற்கும் முன்னர், தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசையரோடு தோட்டம் தோட்டமாகச் சென்று உரிமைப் பாடல்களைப் பாடிய மீனாட்சியம்மையைப் பார்த்து, ஒரு பெண் கூட்டத்தின் முன் நின்று பேச முடியும் என்பதைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கண்ணால் கண்டார்கள். தம்மைப் போன்ற ஒருவர் அந்த இடத்தில் நிற்பதைக் காண்பதும் வழிகாட்டலின் ஒரு பகுதியே.

படித்த இளைஞர் எல்லோரும் தலைவராகிவிடுவதில்லை. அந்த மாற்றம் பொறுப்பு ஒன்றை ஏற்கும்போதுதான் நிகழ்கிறது. ஆகவே நல்ல வழிகாட்டி தம் பிள்ளைக்கு ஓர் உண்மையான வேலையைத் தருகிறார். உதாரணமாக, உயர்தரம் முடித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவி, தம் லயத்துக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று சொல்கிறாள் என்று கொள்வோம். வழிகாட்டி தாமே பிரதேச சபைத் தவிசாளருக்குத் தொலைபேசி எடுத்தால் ஒருவேளை வேலை சீக்கிரம் முடியலாம். ஆனால் அந்த மாணவி எதையும் கற்றிருக்கமாட்டாள். மாறாக அவர் கேள்வி கேட்கிறார். எத்தனை வீடுகள், எத்தனை குழாய்கள், எந்தெந்த நாட்களில் தண்ணீர் வருகிறது, தாங்கி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? அவளுக்குப் பதில் தெரியாது. திரும்பிப் போய் வீடு வீடாக எண்ணி, ஒரு கொப்பியில் இரண்டு வாரம் நாள்வாரியாகக் குறித்து வருகிறாள். எண்ணும்போதே, மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் இடையே தண்ணீருக்காக இருந்த பழைய மனக்கசப்பும் அவளுக்குத் தெரியவருகிறது. இரு பக்கத்திலும் கையொப்பம் வாங்க வேண்டுமென்றால் இரு பக்கத்தோடும் பேச வேண்டும். கடிதத்தை அவளே எழுதுகிறாள். வழிகாட்டி அதில் கோபமான வாக்கியங்கள் சிலவற்றை அடித்துவிட்டு, எண்களை மேலே கொண்டுவரச் சொல்கிறார். கடிதத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்கிவர மறக்காதே என்றும் சொல்லியனுப்புகிறார்.

இந்தச் சிறு வேலைக்குள் ஒரு பெரிய பாடம் ஒளிந்திருக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கு நெடுங்காலம் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், ஆனால் தோட்டத்துப் பாதை சபையின் வேலையல்ல என்று சொல்லப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அப்பிரிவு திருத்தப்பட்டது. "தோட்டத்து வேலையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்" என்று ஓர் அலுவலர் இன்று பதில் சொன்னால், திருத்தத்தை எடுத்துக்காட்டிப் பேச அந்த மாணவிக்கு முடிய வேண்டும். அதற்கும் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம், தமது தோட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு என்று கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். சட்டத்தை வகுப்பறையில் மனனம் செய்தவருக்கும், தம் லயத்துத் தண்ணீருக்காக அதைத் தேடிப் படித்தவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வாழ்நாள் முழுவதும் நிற்கும். உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் தொழிற்சங்கங்களின் உயர் பதவிகளில் ஆண்களே நிறைந்திருக்கும் ஒரு சூழலில், அந்த ஆசனங்களில் அமரப்போகும் பெண்கள் இத்தகைய வேலைகளின் வழியாகவே ஆயத்தமாக முடியும்.

தவறணையில், அதாவது நாற்றுமேடையில், வளரும் தேயிலைக் கன்றுகளுக்கு, நடுவதற்கு முன்னர் நிழலைப் படிப்படியாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குவார்கள். வழிகாட்டலும் அப்படியே அமைய வேண்டும். முதல் ஆண்டில் கூடவே போவது, இரண்டாம் ஆண்டில் போகுமுன் பேசி அனுப்புவது, மூன்றாம் ஆண்டில் முடிவை மட்டும் கேட்பது என்று உதவியின் அளவு இறங்கிக்கொண்டே வராவிட்டால், அந்த இளைஞர் எப்போதும் யாரோ ஒருவரின் ஆளாகவே இருந்துவிடுவார்.

இந்த ஆபத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையகத்தில் உதவி என்பது நீண்ட காலமாக ஆள் சேர்க்கும் வழியாகவும் இருந்துவந்திருக்கிறது. கொப்பியும் பையும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் நிகழ்வுக்குப் பின், அந்தப் பிள்ளை என்னவானாள் என்று கேட்க ஒருவரும் இல்லாத நிலையை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். உதவி பெற்றவர் தேர்தல் காலத்தில் கொடி பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வழிகாட்டல் ஆகாது. அதேபோல், வழிகாட்டலின் பெயரால் ஒரு பிள்ளையைத் தனியே அழைப்பதும் நள்ளிரவில் செய்தி அனுப்புவதும் கூடாது. சந்திப்பு பாடசாலையிலோ நூலகத்திலோ திறந்த இடத்தில் நடக்க வேண்டும், பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும், முறைப்பாடு சொல்ல வேறொருவர் இருக்க வேண்டும். நல்லெண்ணம் உடையவர்கள் இந்த ஒழுங்குகளைத் தம்மீதான சந்தேகமாகக் கருதாமல், பிள்ளைகளுக்கான காவலாக ஏற்க வேண்டும்.

மற்றோர் ஆபத்து, புலமைப்பரிசில் பெற்றவர் ஊரைவிட்டே போய்விடுவது. படித்தவுடன் கொழும்பு, பிறகு வெளிநாடு என்று பாதை நீளும்போது தோட்டம் பின்னால் தங்கிவிடுகிறது. செவனிங் போன்ற சில புலமைப்பரிசில்கள் படிப்பு முடிந்து குறைந்தது 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. நிபந்தனையால் ஒருவரை நாட்டுக்குத் திருப்பி அழைக்கலாம்; தோட்டத்துக்கு அழைத்துவருவது உறவே. வெளியூரில் நல்ல வேலையில் இருப்பவரை நான் குறை கூறமாட்டேன். லயத்து அறையில் பிறந்த ஒருவர் விரும்பிய இடத்தில் வாழ முழு உரிமை உடையவர். அவரைத் தம்மைப் போன்ற அடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கும்படி கேட்பதுதான் பயனுள்ள வேலை. இப்போது அதற்குத் தூரம் ஒரு தடையே இல்லை. டொராண்டோவிலிருந்தும் ஒரு விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தித் தரலாம்.

இதை வாசிக்கும் இளைஞர், வழிகாட்டி ஒருவர் தம்மைத் தேடி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. "எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா" என்று கேட்டால் பலர் தயங்குவர். "இந்த விண்ணப்பத்தைப் பார்த்துத் தவறு இருந்தால் சொல்வீர்களா, சேர்" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் சம்மதிப்பர். சொன்னதைச் செய்து முடித்துவிட்டு, முடிவு என்னவானது என்று திரும்ப வந்து சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் அந்த உறவு தானே உருவாகிவிடும்.

வழிகாட்டியாக விரும்பும் பட்டதாரிகள் தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான காலம், உயர்தரப் பெறுபேறு வெளியாகிப் பல்கலைக்கழக விண்ணப்பம் முடியும் வரையிலான சில வாரங்கள். ஹட்டனிலோ ராகலையிலோ பண்டாரவளையிலோ பாடசாலை வகுப்பறை ஒன்றை அதிபரிடம் கேட்டு வாங்கி, இருவர் மூவர் சேர்ந்து, கைநூலோடும் இணைய வசதியுள்ள ஒரு மடிக்கணினியோடும் இரண்டு சனிக்கிழமைகள் உட்கார்ந்தால் போதும். வருகிற பிள்ளைகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கடிதம் வந்துசேரக்கூடிய முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். அனுமதி கிடைத்ததா, பதிவுக்குப் பணம் இருக்கிறதா, மகாபொல விண்ணப்பம் போட்டாயிற்றா என்று அந்தக் கொப்பியில் உள்ள ஒவ்வொருவரிடமும் பின்னர் கேட்டு அறிவது அதே குழுவின் அடுத்த வேலை.